மாவட்டம் என்ற கட்டம்

டால்பரி, கனெக்டிகட்
அக்டோபர் 3, 2023

அன்புத் தம்பி நார்மண்டுக்கு,

நான் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மெய்ன் கடற்காற்றில் அந்த இருமல் திரும்பி வந்ததா? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. யார் முதலில் வைத்தது என்று அடுத்த ஒரு மாதத்துக்கு வேறு சண்டை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகவே ஒரு தாள் நிறையத் தபால்தலை வாங்கி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஊர்த்தலைவியாகி இரண்டு வருஷம் முடியப்போகிறது. அடுத்த மாதம் மறுபடி தேர்தல். இந்தப் பதவியில் உருப்படியாகச் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: டால்பரிக்கு ஆம்புலன்ஸ் திரும்ப வர வேண்டும். நீ மெய்னுக்குப் போனதுமே நம் தொண்டர் குழுவைக் கலைத்தார்கள். அன்றிலிருந்து வண்டி கிரேஸ்டனிலிருந்துதான் வருகிறது. இருபத்தேழு மைல், அதில் பாதி மலைப்பாதை. போன மாதம் அடெல் ஊல் ஆப்பிள் மரத்து ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு முறிந்து, நாற்பத்து நான்கு நிமிஷம் புல்லில் கிடந்தாள். அவள் மகள் மேலே குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி எட்டாத இடங்களில் ஆம்புலன்ஸ் நிலையம் கட்ட வாஷிங்டனில் ஒரு மானியம் இருக்கிறது. படிவத்தை மூன்று வாரம் உட்கார்ந்து நிரப்பி அனுப்பினேன். போன வாரம் திரும்பி வந்துவிட்டது. சுற்றுவட்டார ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் திட்டப்பகுதி அலுவலகத்திலிருந்து மரிசோல் என்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

“மாவட்டம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல என்ன எழுதினீங்க?”

“பெல்டன் மாவட்டம். வேற என்னத்த எழுதறது?”

“அப்படி ஒண்ணு இப்ப இல்லைங்களே.”

“நான் பொறந்ததே அங்கதாம்மா.”

“பொறந்திருப்பீங்க. ஆனா பட்டியல்ல இல்ல. போன வருஷத்துலேருந்து வாஷிங்டன் கணக்குல திட்டப்பகுதிதான் மாவட்டம். நீங்க கிழக்குக் குன்றுத் திட்டப்பகுதி. சேர்ந்த பதினாலு ஊர்ல ஒண்ணு.”

மாவட்ட ஆட்சியை 1960-லேயே கலைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஷெரீஃப் இல்லை, அலுவலகம் இல்லை, வரி இல்லை, பெயர் மட்டும் மிச்சம். ஆனாலும் அறுபது வருஷமாக எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் என் கை தானாக பெல்டன் என்றுதான் எழுதும். இருபது வருஷம் ஊர் எழுத்தராக இருந்தவள் செய்கிற தப்பா இது! வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் கேள், அவள் அனுப்பிய புது வரைபடத்தை மேசையில் விரித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பழைய பெல்டன் மாவட்டத்துக்குள் கிரேஸ்டன் ஆஸ்பத்திரி இருந்தது. அதனால் எந்தக் காகிதத்திலும் நமக்கு ஆஸ்பத்திரி உண்டு. புதுக் கோட்டில் கிரேஸ்டன் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் திட்டப்பகுதியில் ஆஸ்பத்திரியே இல்லை. அறுபத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு அரசாங்கக் காகிதம் நம்மைப் பற்றி உண்மை சொல்வதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது படிவம் மார்ச் 31-க்குள் திட்டப்பகுதி அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு நம் பழைய குழுவின் ஆம்புலன்ஸ் பதிவேடு வேண்டும். எத்தனை மணிக்கு அழைப்பு, எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம் என்று பத்து வருஷத்துக்கு. குழுத் தலைவன் நீ. ஆம்புலன்ஸ் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது என்று பதிவேட்டை நீதான் எடுத்து வைத்தாய். உடனே அனுப்பு.

சூடாகச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வேலை செய்.

உன் அக்கா,
லொரெய்ன்


பைன் துறை, மெய்ன்
அக்டோபர் 24, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் இல்லை. முழங்காலுக்கு டாக்டரைப் பார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண்ணெயைப் பார்க்காதே.

மாவட்டம் இல்லாமல் போனதற்கு என் அனுதாபங்கள். இங்கே எங்களுக்கு மாவட்டமும் உண்டு, ஷெரீஃபும் உண்டு, சிறையும் உண்டு. வேண்டுமானால் வந்து இருந்துவிட்டுப் போ. கிழக்குக் குன்றுத் திட்டப்பகுதி என்று படகுத்துறையில் சொன்னேன். “அதென்ன, வீட்டுமனை விக்கிறாங்களா?” என்று கேட்டார்கள்.

குளிர்காலத்துக்குப் படகுகளைக் கரையேற்றும் வேலை நடக்கிறது. அறுபத்திரண்டு படகு. ஒவ்வொன்றின் இயந்திரத்திலும் தண்ணீர் வடித்து உறையாமல் மருந்து ஊற்ற வேண்டும். விரல் மரத்துப் போகிறது, எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

அடெல் ஊல் தேறிவிட்டாளா? கேட்டதாகச் சொல்.

தேர்தலில் ஜெயிக்க வாழ்த்துகள்.

உன் தம்பி,
நார்மண்ட்


டால்பரி
நவம்பர் 13, 2023

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. நானும் நலம், ஜெயித்தும்விட்டேன். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம். அக்டோபர் முழுக்கச் சனிக்கிழமைதோறும் குப்பைக் கிடங்கு வாசலில் நின்றேன். அங்கே நிற்காமல் நம் ஊரில் யார் ஜெயித்திருக்கிறார்கள்? குப்பையோடு வருகிறவர் ஓடவும் முடியாது, கார் கண்ணாடியை ஏற்றவும் முடியாது.

எல்லோருக்கும் புதுப் பெயர்மேல்தான் கோபம். எர்னஸ்ட் பெக்வித் பழைய மெத்தையை இறக்கிக்கொண்டே கத்தினான்: “எங்க தாத்தா பெல்டன்காரரு, எங்கப்பா பெல்டன்காரரு. இப்ப நான் மட்டும் திட்டப்பகுதியா? கல்லறையில என்னன்னு போடுவாங்க?”

“உன் பேரப் போடுவாங்க எர்னஸ்ட். அதுக்கு முன்னாடி ஆம்புலன்ஸ் வந்தா கல்லறைக்குக் கொஞ்சம் லேட்டாப் போகலாம்ல?”

“அதுக்காகப் பேர மாத்தணுமா?”

“பேரு மாறினதாலதான் வண்டியே கெடைக்கப் போகுது. கையெழுத்துப் போடு.”

போட்டான். மெத்தையின்மேல் காகிதத்தை வைத்தே போட்டான்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஒரு திட்டப்பகுதி ஒரு விண்ணப்பத்தைத்தான் மேலே அனுப்பலாம். எதை அனுப்புவது என்று பதினான்கு ஊர்த் தலைவர்களும் கூடி ஓட்டுப் போடுவார்கள். ஊர் பெரிதோ சிறிதோ, தலைக்கு ஒரு ஓட்டு. வெண்டல் த்ரால் தெரியுமல்லவா, ஆஷ்பி கிரீன் தலைவர், தோல் ஷூவில் சேறு படாதவர். அவர் தன் ஊரில் ஆம்புலன்ஸ் நிலையம் கேட்கிறார். அங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறது! இன்னும் பெரிதாக வேண்டுமாம். “ஆம்புலன்ஸ் வர சராசரி பதினாறு நிமிஷம்தானே லொரெய்ன், உங்க பக்கம் அப்படியொண்ணும் மோசமில்லையே” என்கிறார். அந்தப் பதினாறு பழைய மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துப் போட்டது. கிரேஸ்டனில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த தெருவில் மயங்கி விழுந்தவனும் அதில் சேர்த்தி.

டால்பரியின் எண் தனியாக எங்கும் இல்லை. உன் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. போன கடிதத்தில் படகைப் பற்றி எழுதினாய், பதிவேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அதோடு ஒரு உறுதிமொழித் தாளும் வைக்க வேண்டும், எல்லா வரியும் உண்மை என்று. குழுத் தலைவனாக நீ கையெழுத்துப் போட வேண்டும். அதன் கீழே ஊர்த்தலைவியாக நான் போட வேண்டும்.

கையுறை இரட்டையாகப் போட்டுக்கொள். பதில் எழுது.

அக்கா,
லொரெய்ன்


பைன் துறை
டிசம்பர் 4, 2023

அன்புள்ள அக்காவுக்கு,

வெற்றிக்கு வாழ்த்துகள். இங்கே எல்லாம் சுகம். முதல் பனி விழுந்துவிட்டது.

பதிவேட்டைத் தேடினேன். வீடு மாறும்போது எந்தப் பெட்டியில் போனதென்று தெரியவில்லை. படகுக் கொட்டகையில் எலி அதிகம். கிடைத்தாலும் படிக்கிற நிலையில் இருக்குமா என்பது சந்தேகம்தான். கிரேஸ்டன் ஆட்களிடம் கேட்டுப் பாரேன், அவர்களிடம் ஏதாவது நகல் இருக்கலாம்.

புகைபோட்ட மீன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். உப்பு கொஞ்சம் தூக்கல்.

நார்மண்ட்


டால்பரி
டிசம்பர் 14, 2023

அன்புத் தம்பிக்கு,

சுகமா? மீன் வந்தது. நன்றி. நீ சொன்னபடி உப்புதான், தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட்டேன். கிறிஸ்துமஸுக்கு அம்மா பக்குவத்தில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் அந்தப் ‘பை’ பலகாரம் செய்து ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். உடையாமல் வந்தால் தபால்காரருக்கு நன்றி சொல்.

எலி தின்றது என்றால் அந்த எலியிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு, நான் வாஷிங்டனுக்கு அனுப்பிவைக்கிறேன். ஏன்டா, திருகாணியைக்கூட அளவுவாரியாக டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வைக்கிறவன் நீ. உனக்குப் பெட்டி தெரியவில்லையா?

கிரேஸ்டனில் கேட்டேன். அவர்கள் பழையதைத் தூக்கிப்போட்டு நாளாயிற்று. எனவே வேறு வழியிலும் ஆரம்பித்திருக்கிறேன். சனிக்கிழமை குப்பைக் கிடங்கில் ஒரு மடிப்பு மேசை போட்டு உட்கார்கிறேன். ஆம்புலன்ஸை எப்போது கூப்பிட்டோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பாட்டில் மறுசுழற்சித் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பதால் கண்ணாடி உடைகிற சத்தத்தில் பாதி காதில் விழாது, மறுபடி சொல்லச் சொல்வேன். மறுபடி சொல்லும்போது அழுதுவிடுகிறார்கள். ஜூடித் வாட்ராஸ் தன் குழந்தை காரிலேயே பிறந்த கதையைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்து முடிக்க முடியாமல் போய்விட்டாள். இரண்டு சனிக்கிழமையில் எண்பத்தாறு பேர். ஒரு அழைப்பை மட்டும் யாரும் சொல்லவில்லை. நான் எதிரில் உட்கார்ந்திருப்பதால் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் துணைக்கு உதவும். ஆனால் மரிசோல் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: “மேடம், நெனவுல இருக்கறது சாட்சி ஆகாது. அன்னிக்கே எழுதின புக்கு வேணும்.”

ஜனவரியிலிருந்து பதின்மூன்று ஊருக்கும் நேரில் போகப் போகிறேன். ஒவ்வொரு தலைவர் வீட்டிலும் காபி குடித்து வயிறு கெட்டாலும் பரவாயில்லை. பதிவேடு மார்ச்சுக்குள் வேண்டும். தேடு.

அக்கா,
லொரெய்ன்


டால்பரி
பிப்ரவரி 19, 2024

நார்மண்டுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதையாவது சொல். கிறிஸ்துமஸ் அட்டையில் பெயர் மட்டும் எழுதி அனுப்பினாய். இறைச்சிப் ‘பை’ வந்ததா, உடைந்ததா என்றுகூடத் தெரியாது. ஒன்பது வாரமாகிறது. படகுத்துறைக்கு போன் போட்டேன். “நல்லாத்தாம்மா இருக்காரு. பக்கத்துலதான் நிக்கறாரு. பேசறீங்களா?” என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

பதினொரு ஊருக்குப் போய்விட்டேன். ஐந்து பேர் நம் பக்கம், நான்கு பேர் வெண்டல் பக்கம், இரண்டு பேர் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பழைய காரின் சூடேற்றி வேலை செய்யவில்லை, மடியில் கம்பளி போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: “எண் எங்க லொரெய்ன்?”

மரத்தில் மேப்பிள் பால் இறங்க ஆரம்பித்துவிட்டது. பெக்வித் வீட்டுக் கொட்டகையில் பாகு காய்ச்சுகிற ஆவி தெரிகிறது. எங்கள் கொட்டகையை இந்த வருஷமும் திறக்கவில்லை. மார்ச் ஒன்பதோடு ரோலண்ட் போய் ஏழு வருஷம். அடுப்பெரியும்போதே என் வீட்டுக்காரர் விழுந்த இடத்தில் நான் எப்படி விறகு வைப்பேன்?

நான் விடப்போவதில்லை, நார்மண்ட். அது உனக்குத் தெரியும். நீ எழுதாவிட்டால் நான் எழுதிக்கொண்டே இருப்பேன். தபால்தலை இன்னும் பதினேழு இருக்கிறது.

லொரெய்ன்


பைன் துறை
மார்ச் 9, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாயிருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இறைச்சிப் ‘பை’ உடையாமல் வந்தது. மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

பதிவேடு இந்தக் கடிதத்தோடு வருகிறது. எலி தொடவில்லை. என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. இருக்கும் இடம் எனக்கு எப்போதும் தெரியும்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் 2017 மார்ச் 9, வியாழக்கிழமை. அழைப்பு 11.08, சென்று சேர்ந்தது 11.25 என்று எழுதியிருக்கும். பதினேழு நிமிஷம். அது பொய். நான் எழுதிய பொய். இந்த ஒரு வரியோடு எல்லாம் உண்மை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? அதனால்தான் எலி, பெட்டி என்று உளறினேன்.

அன்று வண்டிமுறை என்னுடையது. ஊரை விட்டுப் போகக் கூடாது. கடற்கரையில் ஒரு பழைய படகு விற்பனைக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை காலையில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று பார்க்கப் போனேன். ஆம்புலன்ஸ் சாவி என் சட்டைப் பையில். இடுப்பில் மாட்டியிருந்த பேஜரில் அழைப்பு வந்தபோது நான் முப்பத்தைந்து மைல் தள்ளி நிற்கிறேன். இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. “எவ்வளவு நேரமாகும்?” என்று கட்டுப்பாட்டறையில் கேட்டார்கள். பத்து நிமிஷம் என்றேன். அதை நம்பி அவர்கள் கிரேஸ்டன் வண்டியை அனுப்பவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அது எனக்கு முன்னால் வந்திருக்கும். யாருடைய வீடு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு சமாதானமும் இல்லை.

அந்த வரியை அடித்துத் திருத்தியிருக்கிறேன். வந்து சேர்ந்தது 11.59. ஐம்பத்தோரு நிமிஷம். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நடந்ததைத் தனித் தாளிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் மெய்னுக்கு ஓடி வந்தது வேலைக்காக இல்லை. உன் வீட்டு மேசையில் உட்கார்ந்து உன் கையால் காபி வாங்கிக் குடிக்க முடியவில்லை.

இனி நீ எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

நார்மண்ட்


டால்பரி
மார்ச் 16, 2024

நார்மண்டுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும், உடம்பைப் பார்த்துக்கொள்.

பதினேழு பொய் என்று எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். நான்தான் அப்போது ஊர் எழுத்தர். மாதாமாதம் குழு தரும் அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. “மார்ச்: ஆறு அழைப்புகள். 9-ஆம் தேதி: பதினேழு நிமிஷம்.” ரோலண்டை அடக்கம் செய்து மூன்றாவது வாரம் அதை என் கையால் ஒட்டினேன். நான்கு மூலைக்கும் நான்கு ஊசி குத்தினேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வீட்டுக்காரரோடு தம்பியும் போயிருப்பான். நீ என்னவோ எப்படியும் போய்விட்டாய்.

பத்து நிமிஷம் என்று நீ சொன்னது எனக்குத் தெரியாது. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் கடிதத்தை ரொட்டிப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தேன். பார்க்கவே பிடிக்கவில்லை. வெளியே போய் நாள் முழுக்க விறகு பிளந்தேன். முழங்கால் வீங்கியதுதான் மிச்சம்.

இப்போது வேலையைப் பார்ப்போம். நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஐம்பத்தொன்று தப்பு.

படிவத்தில் எழுதியிருப்பதைப் படி. சென்று சேர்ந்த நேரம் என்றால் வண்டி நின்ற நேரம் இல்லை, நோயாளியைத் தொட்ட நேரம். வண்டியை நீ வாசல் கேட்டில் நிறுத்தினாய். சேறு, சக்கரம் புதைந்துவிடும் என்று. அங்கிருந்து கொட்டகைக்கு நடந்து வந்தாய். நீ வழியில் வரும்போது தீயணைப்புக் கொட்டகையில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. அது ஊதி ஓய்ந்த பிறகுதான் உன் கை ரோலண்டின் மணிக்கட்டைத் தொட்டது. நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 12.01. ஐம்பத்து மூன்று நிமிஷம்.

நானும் இதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நிமிஷம் குறைத்தும் போட மாட்டேன். திருத்தி அனுப்பு. நாள் பதினைந்துதான் இருக்கிறது.

லொரெய்ன்


பைன் துறை
மார்ச் 21, 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இனி விறகு பிளக்காதே.

திருத்திவிட்டேன். ஐம்பத்து மூன்று. நோட்டரி, “போன தடவ அம்பத்தொண்ணுன்னீங்க, இப்ப அம்பத்துமூணா? எது சார் நெசம்?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்வதுதான் நிஜம் என்றேன்.

என் தனித் தாளைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டி வந்தால் வாசி. பெயரை மறைக்காதே.

நார்மண்ட்


டால்பரி
ஜூன் 7, 2024

நார்மண்டுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அடெல் தடியில்லாமல் நடக்கிறாள். நீயும் நலம் என்று படகுத்துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தத் தடவையும் உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. இரண்டரை மாதம் எழுதாமல் இருந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கையில் பேனா எடுத்தால் எழுதத் தகாததெல்லாம் வந்தது, கிழித்துப் போட்டேன்.

நேற்று கூட்டம். பதினான்கு தலைவர்கள், நீள மேசை, ஆறிப்போன காபி. சுவரில் கிழக்குக் குன்றுத் திட்டப்பகுதியின் புது வரைபடம். மரிசோல் நம் எண்களைத் திரையில் போட்டாள். பத்து வருஷம், அறுநூற்றுப் பன்னிரண்டு அழைப்பு. வெண்டல் த்ரால் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அடித்துத் திருத்திய வரியில் நின்றார்.

“இந்த அம்பத்துமூணு என்ன லொரெய்ன்? மத்ததெல்லாம் இருபது, இருபத்தஞ்சு. இது யாரு?”

“என் வீட்டுக்காரரு” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் விடுகிற ஆள் இல்லை அவர். உன் தாளை இழுத்துப் படித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இது தூரத்தால ஆன சாவு இல்லையே. உங்க தம்பி ஊர விட்டுப் போனதால ஆனது. சாவி அவர் பையில இருந்திருக்கு. இதுக்கு நாம எதுக்கு நெலையம் கட்டணும்?”

நான் எழுந்து நின்றேன்.

“ஆமா வெண்டல். என் தம்பி தப்புதான். அவனே எழுதிக் கொடுத்திருக்கான், பேரோட. எங்க ஊர்ல அன்னிக்கு வண்டி ஓட்டத் தெரிஞ்சது மூணே பேரு. ஒருத்தனுக்கு நெஞ்சுவலி, ஒருத்தன் ஃபாக்டரி வேலையில. மிச்சம் ஒரே ஆளு, ஒரே சாவி. அந்த ஒரு ஆளு ஒரு காலைல முட்டாளா இருந்தா ஒரு உசிரு போகும். மனுஷன் எல்லாரும் ஏதோ ஒரு காலைல முட்டாளாத்தான் இருப்பான். நீங்க இருந்ததில்லையா? உங்க ஊர்ல அப்படி இருந்தா அடுத்த வண்டி வருது. எங்களுக்கு அடுத்த வண்டி இருபத்தேழு மைல். இப்ப அந்த முதல் வண்டியும் இல்ல. இதச் சொல்லக் கூசுது எனக்கு. சொல்லித்தான் ஆகணும்னு வந்திருக்கேன்.”

அதன்பிறகு உன் தாளை முழுக்க வாசித்தேன், பத்து நிமிஷம் என்று நீ சொன்ன இடம் உட்பட. அந்த இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

ஓட்டெடுப்பு. வானிலை பேசிய இரண்டு பேரும் நமக்குக் கை தூக்கினார்கள். எட்டுக்கு ஆறு. வெண்டல் கடைசிவரை எதிர்த்தார், பிறகு வந்து கைகொடுத்தார். விண்ணப்பம் வாஷிங்டனுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரி இல்லாத பகுதிக்குத்தான் முதல் இடம் என்பதால் மறுப்பு வராது என்கிறாள் மரிசோல். வண்டி இரண்டு, சம்பளத்துக்கு ஆட்கள், எந்நேரமும் ஒருவர் நிலையத்திலேயே. சங்கதி ஊருக்குள் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது, உன் பெயரும் சேர்ந்தே. இன்று காலை எர்னஸ்ட் பெக்வித் வழிமறித்தான். “நார்மண்டா அப்படிப் பண்ணினான்?” என்றான். ஆமாம் என்றேன். “அதச் சொல்லவும் அவனேதான் சொன்னானா?” என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

இப்போது நமக்குள் உள்ளதைச் சொல்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது, நார்மண்ட். ஏழு வருஷம் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் உனக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்பினேன், இருமல் மருந்து அனுப்பினேன். மார்ச்சிலிருந்து அது இரண்டு மடங்காகியிருக்கிறது. என்றைக்குக் குறையும் என்று தெரியாது. குறையாமலும் போகலாம். ஆனால் என்னோடு அப்பா, அம்மா, ரோலண்ட் எல்லோரையும் தெரிந்தவன் என்று உலகத்தில் நீ ஒருவன்தான் மிச்சம்.

மாடியறையைச் சுத்தம் செய்துவிட்டேன். உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, அது கடிதத்தில் அடங்காது. எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொள். புறப்பட்டு வா.

உன் அக்கா,
லொரெய்ன்